ஆசிரியரை நீக்கும் அதிகாரம் யாரிடம்? கனேடிய மருத்துவச் சங்க இதழ்: ஒரு நிகழ்வு ஆய்வு

2006 பிப்ரவரி 20 அன்று கனேடிய மருத்துவச் சங்க இதழின் முதன்மை ஆசிரியர் ஜான் ஹோயியும் முதுநிலைத் துணை ஆசிரியர் ஆன் மேரி டாட்கிலும் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீக்கியவர் இதழின் பதிப்பாளர் கிரஹாம் மோரிஸ். ஹோயி 1996 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். அவர் காலத்தில் இதழின் மதிப்பு உலக அளவில் உயர்ந்திருந்தது. இருவர் மீதும் ஆய்வு மோசடிப் புகாரோ நிதி முறைகேட்டுப் புகாரோ கிடையாது. புதிய அணுகுமுறை தேவைப்படுகிறது என்பதுதான் வெளியே சொல்லப்பட்ட காரணம்.

ஆய்விதழ் நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பதவிகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறோம். முதன்மை ஆசிரியர், இணை ஆசிரியர்கள், ஆசிரியர் குழு, வரும் கட்டுரைகளின் தரத்தைச் சோதிக்கும் மதிப்பாய்வாளர்கள் என்று ஒரு படம் வரைந்தால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. இந்த இதழில் அந்தப் படத்தில் இருக்க வேண்டிய எல்லாரும் இருந்தார்கள். ஆசிரியரின் சுதந்திரத்தைக் காப்பதற்கென்றே ஒரு மேற்பார்வைக் குழுவும் இருந்தது. அப்படியும் ஒரே நாளில் தலைமை இல்லாமல் போனது. எப்படி என்று பார்ப்பது சிறிய இதழ் நடத்துபவர்களுக்கும் பெரிய இதழ் நடத்துபவர்களுக்கும் ஒருபோல உதவும்.

யார் யாருக்குக் கீழே

இந்த இதழ் 1911இல் தொடங்கியது. உரிமையாளர் கனேடிய மருத்துவச் சங்கம், அதாவது மருத்துவர்களின் தொழில் அமைப்பு. சங்கம் தன் உறுப்பினர்களின் நலனுக்காகப் பேசும். இதழ் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும், மருத்துவச் செய்திகளைத் தரும், தலையங்கம் எழுதும். இந்த மூன்றில் முதலாவதால் உரிமையாளருக்குத் தலைவலி வருவது அரிது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் பற்றிய கட்டுரை சங்கத் தலைவரின் மேசைக்குப் போவதில்லை. செய்தியும் தலையங்கமும் அப்படியல்ல. மருத்துவர்களையோ, அவர்களோடு சேர்ந்து இயங்கும் மருந்தாளுநர்களையோ, அமைச்சரையோ அவை விமர்சிக்கும்போது தொலைபேசி ஒலிப்பது உரிமையாளர் அலுவலகத்தில்தான்.

அது முதல் தடவையாகப் பெரிதாக ஒலித்தது 2002இல். கியூபெக் மாகாணத்தில் ஒருவர் மாரடைப்போடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே மருத்துவர் பற்றாக்குறையால் அவசரப் பிரிவு மூடியிருந்தது. வேறு மருத்துவமனைக்குக் கொண்டு போகும்போது அவர் இறந்தார். மாகாண அரசு மருத்துவர்களை அவசரப் பிரிவில் பணிபுரியக் கட்டாயப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. இதழின் தலையங்கம் மருத்துவர்களின் கடமையைச் சுட்டிக்காட்டியது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று சங்கத் தலைமை கேட்டது, ஆசிரியர்கள் மறுத்தார்கள். அந்தச் சச்சரவுக்குப் பிறகுதான் இதழ் மேற்பார்வைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆசிரியருக்கும் சங்கத்துக்கும் நடுவே நின்று தகராறுகளைத் தீர்ப்பது அதன் நோக்கம்.

2005இல் இன்னொரு மாற்றம் வந்தது. இதழ் சங்கத்தின் நேரடிப் பொறுப்பிலிருந்து சங்கத்துக்குச் சொந்தமான வணிக நிறுவனத்தின் கிளைக்கு மாற்றப்பட்டது. என் பார்வையில் இந்த நிகழ்வின் முக்கியத் திருப்பம் இதுதான். அன்றைக்கு இது கணக்கு வழக்குக்கான ஏற்பாடாகத் தெரிந்திருக்கும். ஆனால் இதனால் ஆசிரியருக்கு மேலே இருப்பவர் யார் என்பதே மாறிவிட்டது. சங்கத்தின் ஆட்சிக் குழு மருத்துவர்களால் ஆனது. இதழின் அறிவுப் பணி என்னவென்று அவர்களுக்குத் தெரியும், உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு உண்டு. வணிக நிறுவனத்தில் ஆசிரியர் ஒரு துறைத் தலைவர். அவருக்கு மேலே பதிப்பாளர், பதிப்பாளருக்கு மேலே நிறுவனத் தலைமை. துறைத் தலைவரை மாற்றுவது அங்கே அன்றாட நிர்வாக முடிவு.

ஒரு செய்திக் கட்டுரையும் ஒரு புகாரும்

2005இல் கனடாவில் பிளான் பி என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை மருந்துச்சீட்டு இல்லாமல் மருந்தாளுநரிடமே கேட்டு வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் வாங்க வரும் பெண்களிடம் பெயர், முகவரி, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, உடலுறவு பற்றிய விவரங்கள் ஆகியவற்றைக் கேட்டுப் படிவத்தில் பதியும் பழக்கம் மருந்துக் கடைகளில் இருந்தது. இதழின் செய்திப் பிரிவு நாட்டின் பல பகுதிகளிலிருந்து 13 பெண்களைக் கடைகளுக்குச் சென்று மாத்திரை வாங்கிப் பார்க்கச் சொன்னது. தங்களிடம் என்னென்ன கேட்கப்பட்டது என்று அவர்கள் சொன்னதை வைத்துக் கட்டுரை தயாரானது.

கட்டுரை அச்சேறும் முன்பே கனேடிய மருந்தாளுநர் சங்கம் மருத்துவச் சங்கத்திடம் புகார் சொன்னது. புகார் எந்த வழியில் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தொழில் அமைப்பு இன்னொரு தொழில் அமைப்பின் தலைமையிடம் பேசியது. அங்கிருந்து பதிப்பாளர் வழியாக அது ஆசிரியரின் மேசைக்குக் கட்டளையாக வந்து சேர்ந்தது. ஆசிரியர்கள் வாதாடினார்கள். கடைசியில் பெண்களின் அனுபவங்களை எடுத்துவிட்டு வேறு வடிவில் கட்டுரை வெளியானது. நடந்ததை மறைக்காமல், இதழின் சுதந்திரம் மீறப்பட்டது என்று ஆசிரியர்கள் தங்கள் இதழிலேயே தலையங்கமும் எழுதினார்கள்.

இங்கே உரிமையாளர் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஒரு மருத்துவ ஆய்விதழ் 13 பேரைக் கடைகளுக்கு அனுப்பித் தகவல் திரட்டினால் அது ஆய்வா, செய்தியா? ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே? இது பொருத்தமான கேள்விதான். இதழியலுக்கும் ஆய்வுக்கும் இடையே எல்லை எங்கே என்று இதழ் தன் விதிகளில் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆனால் கேள்வி சரியாக இருந்தாலும் அதைக் கேட்ட விதமும் நேரமும் சரியாக இல்லை. வெளியான பிறகு மறுப்புக் கடிதம் எழுதலாம், மேற்பார்வைக் குழுவிடம் முறையிடலாம், விதியைத் திருத்தச் சொல்லலாம். அச்சுக்குப் போகும் ஒரு தனிக் கட்டுரையின் பத்திகளை உரிமையாளர் எடுக்கச் சொல்வது வேறு வகைச் செயல். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 1978இல் வான்கூவரில் ஒரு சிறு சந்திப்பாகத் தொடங்கியது. அதன் பரிந்துரைகள் இதில் தெளிவாக இருக்கின்றன: உள்ளடக்கத்தின் மீதும் வெளியிடும் நேரத்தின் மீதும் முழு அதிகாரம் முதன்மை ஆசிரியருக்கே, தனித்தனிக் கட்டுரைகளை மதிப்பிடுவதிலும் தேர்ந்தெடுப்பதிலும் திருத்துவதிலும் உரிமையாளர் தலையிடக் கூடாது. கனேடிய இதழ் அப்போது அந்தக் குழுவின் உறுப்பு இதழ்களில் ஒன்றாக இருந்தது. விதி தெரியாமல் நடந்த மீறல் என்று இதைச் சொல்ல முடியாது.

2006 பிப்ரவரி தொடக்கத்தில் புதிய சுகாதார அமைச்சரைப் பற்றிய ஒரு செய்தி இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு மாற்றி எழுதப்பட்டது. அதே மாதத்தில் நீக்கமும் நடந்தது.

மேற்பார்வைக் குழு என்ன செய்தது

கட்டுரை மாற்றப்பட்டதையும் மேற்பார்வைக் குழுவால் தடுக்க முடியவில்லை, ஆசிரியர்கள் நீக்கப்பட்டதையும் தடுக்க முடியவில்லை. குழுவில் இருந்தவர்களின் திறமையைக் குறை சொல்வது சுலபம், ஆனால் பயனற்றது. அந்தக் குழுவின் கையில் ஒரு முடிவும் இல்லை என்பதே அடிப்படைக் குறை. ஆசிரியரை நியமிக்கும்போதும் நீக்கும்போதும் குழுவின் சம்மதம் கட்டாயம் என்று விதி இருந்திருந்தால், பதிப்பாளர் ஒருவர் தனியாக அந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்க முடியாது.

ஆசிரியர் குழுவின் நிலையும் ஏறக்குறைய இதேதான். ஆய்விதழ்களில் அந்தப் பெயர் இரண்டு வேறு அமைப்புகளுக்குப் பொருந்துகிறது. கட்டுரைகளைக் கையாண்டு முடிவெடுக்கும் இணை ஆசிரியர்களின் குழு ஒன்று. ஆண்டுக்கு ஓரிரு முறை கூடி ஆலோசனை சொல்லும், இதழுக்குத் தன் பெயரால் மதிப்புச் சேர்க்கும் அறிஞர் குழு இன்னொன்று. இரண்டாவது வகைக் குழுவுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் விலகல். கனேடிய இதழில் அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். பொறுப்பு ஆசிரியராக அமர்த்தப்பட்ட ஸ்டீபன் சாய், ஆசிரியரின் முழு அதிகாரத்தை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டு, அது கிடைக்காமல் சில நாள்களிலேயே விலகினார். மார்ச் மாதத்தில் ஆசிரியர் குழுவின் பெரும்பாலான உறுப்பினர்களும் விலகினார்கள். விலகல் உரிமையாளருக்குப் பெரிய அவமானத்தைத் தந்தது. நீக்கப்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த ஜெரோம் காசிரர் தலைமையில், ஆசிரியச் சுதந்திரம் பற்றிய தனி விசாரணையும் நடந்தது. காசிரர் இதற்குப் பொருத்தமானவர், காரணம் வருத்தமானது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் முதன்மை ஆசிரியராக இருந்த அவரே 1999இல் உரிமையாளரான மாசசூசெட்ஸ் மருத்துவச் சங்கத்தோடு முரண்பட்டுப் பதவி இழந்தவர். இதழின் பெயரைச் சங்கத்தின் வேறு வணிக வெளியீடுகளுக்கும் பயன்படுத்துவதை அவர் எதிர்த்தார்.

அதே ஆண்டின் இன்னொரு நீக்கம்

1999 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் இதழான ஜாமாவின் ஆசிரியர் ஜார்ஜ் லுண்ட்பெர்கை 17 ஆண்டுப் பணிக்குப் பின் நீக்கியது. கல்லூரி மாணவர்கள் எதை உடலுறவு என்று கருதுகிறார்கள் என்ற ஆய்வுக் கட்டுரையை, பாலியல் உறவு பற்றிப் பொய் சொன்னதாக அதிபர் கிளின்டன் மீது செனட் விசாரணை நடந்துகொண்டிருந்த நேரத்தில் வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. கட்டுரையின் தரத்தைப் பற்றியதாக இல்லாமல், வெளியிட்ட நேரத்தைப் பற்றியதாகவே சண்டை இருந்தது. வெளியிடும் நேரமும் ஆசிரியரின் அதிகாரத்துக்குள் வரும் என்று சர்வதேசக் குழுவின் பரிந்துரைகள் தனியாகச் சொல்வது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

எதிர்ப்பு வலுத்ததும் அமெரிக்கச் சங்கம் அதே ஆண்டில் நிர்வாக அமைப்பைத் திருத்தி எழுதியது. ஏழு பேர் கொண்ட மேற்பார்வைக் குழு வந்தது. ஆசிரியரின் பணியை மதிப்பிடுவதும், ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதிலும் நீக்குவதிலும் பங்கேற்பதும் அதன் வேலை. உள்ளடக்கம் தொடர்பாக ஆசிரியர் சங்கத்தின் நிர்வாகிகளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது எழுத்தில் வந்தது.

கனடாவில் 2002இல் அமைந்த குழுவுக்கும் இதே பெயர்தான். செயல்பாட்டில் இருந்த தூரம் 2021இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜாமாவின் ஒலிபரப்பு ஒன்றில் இனப் பாகுபாட்டைப் பற்றிப் பேசப்பட்ட விதம் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. முதன்மை ஆசிரியர் ஹோவர்ட் பாக்னர் விடுப்பில் வைக்கப்பட்டு, மேற்பார்வைக் குழுவின் பொறுப்பில் தனி விசாரணை நடந்தது. ஜூன் மாத இறுதியில் அவர் பதவி விலகினார். அந்த முடிவு சரியா என்று வேறு வேறு கருத்துகள் இருக்கலாம். இரவோடு இரவாக ஒரு நிர்வாகி எடுத்த முடிவு அல்ல என்பது மட்டும் உறுதி. ஆசிரியரைக் காப்பதற்கான குழு என்று மட்டும் இதைப் பார்ப்பது அரைப் பார்வை. ஆசிரியர் தவறினால் யாரிடம் முறையிடுவது என்பதற்கும் அதுவே பதில். சுதந்திரம் மட்டும் கொடுத்துக் கணக்குக் கேட்க ஆளில்லாத ஆசிரியர் பதவியும் இதழைச் சீரழிக்கும். தன் கட்டுரையைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர், நண்பர்களின் கட்டுரைகளை மதிப்பாய்வு இல்லாமல் கடத்தும் ஆசிரியர், 20 ஆண்டுகளாக நாற்காலியை விடாத ஆசிரியர் ஆகியோரும் ஆய்விதழ் உலகின் நிஜங்கள்தான்.

பவுண்ட் குழுவின் 25 பரிந்துரைகள்

ஹோயி, டாட்கில் நீக்கத்துக்குப் பின் வந்த கண்டனத்தால் கனேடியச் சங்கம் ஒரு நிர்வாக ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் ரிச்சர்ட் பவுண்ட், வழக்கறிஞர், அப்போது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தலைவராகவும் இருந்தவர். 2006 ஜூலையில் 25 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது, சங்கம் அத்தனையையும் ஏற்றது.

இரண்டு பரிந்துரைகள் மற்றவற்றைவிட ஆழமானவை. ஒன்று, இதழை வணிக நிறுவனத்திடமிருந்து எடுத்துச் சங்கத்தின் நேரடிப் பொறுப்பில் திரும்ப வைப்பது. இன்னொன்று, மேற்பார்வைக் குழுவுக்கு உண்மையான பலம் தருவது. இரண்டும் ஒரே நோயின் இரு முனைகளுக்கு மருந்து. ஆசிரியருக்கு மேலே எத்தனை படிகள் இருக்கின்றன, அந்தப் படிகளில் இருப்பவர்கள் எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்பதை முதலாவது திருத்தியது. படிகளில் யாரேனும் வழுவினால் தடுப்பது யார் என்பதற்கு இரண்டாவது விடை சொன்னது.

2007 தொடக்கத்தில் பால் ஹெபர்ட் புதிய முதன்மை ஆசிரியரானார். வெளியேறியவர்களில் சிலர் அதே ஆண்டு ஓப்பன் மெடிசின் என்ற, யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழைத் தொடங்கினார்கள். மருந்து விளம்பரம் கிடையாது, சங்கம் கிடையாது, பதிப்பு நிறுவனமும் கிடையாது. அந்த இதழ் 2014இல் நின்றது. இதை நான் தோல்வியாகக் கருதவில்லை, ஏழு ஆண்டுகள் ஓர் இதழை முழுச் சுதந்திரத்தோடு நடத்திக் காட்டியது பெரிய காரியம். ஆனாலும் உரிமையாளர் என்பவர் சம்பளமும் அலுவலகமும் மேலாண் ஆசிரியரும் தருபவர் என்பதை அந்த வரலாறு நினைவூட்டுகிறது. கட்டுரைகள் உரிய நேரத்தில் மதிப்பாய்வாளரிடம் போய்த் திரும்புவதும், மெய்ப்பு பார்க்கப்படுவதும், கட்டுரையாளர்களின் முரண்நலன் (முடிவைச் சாய்க்கக்கூடிய பணத் தொடர்பு போன்றவை) அறிவிப்புகள் சரிபார்க்கப்படுவதும் மேலாண் ஆசிரியரும் அவர் அலுவலகமும் இருப்பதால்தான். நிர்வாக விதிகளில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத இதழ்கள் பல. அது பெரிய குறை.

2016

பத்து ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரி இறுதியில், அதே சங்கம் முதன்மை ஆசிரியர் ஜான் ஃப்ளெட்சரை நீக்கியது. அதே நேரத்தில் இதழ் மேற்பார்வைக் குழுவையும் கலைத்தது. நவீனமயமாக்கம் தேவை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

இங்கேதான் இந்த நிகழ்வு தன் உண்மையான பாடத்தைத் திறக்கிறது என்று நினைக்கிறேன். 2002இல் குழுவுக்குப் பலம் இல்லை என்றோம். 2006இல் பலம் கொடுக்கப்பட்டது. 2016இல் குழுவே இல்லாமல் போனது. ஆசிரியரை நீக்க யாருடைய சம்மதம் வேண்டும் என்று எழுதினால் போதும் என நினைத்தவர்கள், அந்த விதியை மாற்ற யாருடைய சம்மதம் வேண்டும் என்பதை உரிமையாளரின் கையிலேயே விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் கையில் மாற்றுச் சாவி இருக்கும்வரை உள்ளே போட்ட பூட்டுக்குப் பலனில்லை.

வணிக நிறுவனக் கிளையிலிருந்து இதழை மீட்ட பரிந்துரையும் நிலைக்கவில்லை. 2018இல் இதழில் வந்த கட்டுரைகளின் பதிப்புரிமை வரியில் ஜூல் என்ற பெயர் இருக்கிறது, 2023இல் சி.எம்.ஏ. இம்பாக்ட் என்ற பெயர். இரண்டும் சங்கத்தின் துணை நிறுவனங்கள். துணை நிறுவனத்தில் இருப்பதாலேயே சுதந்திரம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. 2006இல் மிகுந்த வலிக்குப் பின் எடுத்த ஒரு முடிவு அந்த வலியை நினைவில் வைத்திருந்தவர்கள் மாறியதும் திரும்பப் பெறப்பட்டது என்பதே என் கவலை.

விதி எழுத உட்காரும்போது

இந்த நிகழ்விலிருந்து ஓர் இதழின் நிர்வாக ஆவணத்துக்குள் நேராகக் கொண்டுபோகக்கூடியவை சில உண்டு. ஆசிரியரின் பதவிக்காலம் இத்தனை ஆண்டு, ஒருமுறை நீட்டிக்கலாம் என்று வரையறுப்பது இரு பக்கமும் காப்பு. காலம் முடியும்போது மாற்றுவது இயல்பாக நடக்கும், நடுவில் நீக்கினால் அது விதிவிலக்கு என்று எல்லாருக்கும் தெரியும். நீக்குவதற்கான காரணங்கள் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்: ஆய்வு நெறி மீறல், இதழின் நோக்கத்திலிருந்து விலகல், பணியைச் செய்யாமை போன்றவை. ஒரு கட்டுரை பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் வரக் கூடாது. ஆசிரியர் பதில் சொல்வது அமைப்பின் உச்ச ஆட்சிக் குழுவிடம் நேரடியாக இருக்க வேண்டும், பதிப்பாளர் வழியாக அல்ல.

புகார் வரும் பாதையைத் தனியாக எழுதுங்கள் என்பேன். வெளியமைப்பு ஒன்று உரிமையாளரிடம் புகார் கொடுத்தால் உரிமையாளர் செய்ய வேண்டியது ஒன்றே, அதை எழுத்தில் ஆசிரியருக்கு அனுப்பி, நகலை மேற்பார்வைக் குழுவுக்கு வைப்பது. பிளான் பி விவகாரத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் சண்டை தொடங்கிய இடத்திலேயே வேறு விதமாகத் திரும்பியிருக்கும்.

இதழின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதையும் இதே மூச்சில் கேட்க வேண்டும். 2015இல் மொழியியல் இதழான லிங்குவாவின் ஆசிரியர்களும் ஆசிரியர் குழுவும் அதை வெளியிட்ட எல்செவியர் பதிப்பு நிறுவனத்தோடு முரண்பட்டு ஒட்டுமொத்தமாக விலகி, குளோசா என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். அறிஞர்கள் அவர்களோடு போனார்கள். லிங்குவா என்ற பெயர் எல்செவியரிடமே தங்கியது, வேறு ஆசிரியர்களோடு அந்த இதழ் தொடர்ந்து வந்தது.

மேற்பார்வைக் குழுவைக் கலைக்கவோ, அதன் அதிகாரத்தைக் குறைக்கவோ, இதழை வேறு நிறுவனத்துக்கு மாற்றவோ வேண்டுமானால் அந்தக் குழுவின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், உறுப்பினர்களுக்கு முன்னறிவிப்பும், காரணத்தை இதழிலேயே வெளியிடுவதும் தேவை என்று உரிமையாளரின் சொந்த அமைப்பு விதிகளில் எழுதப்பட வேண்டும். இதழின் கொள்கைப் பக்கத்தில் எழுதினால் போதாது, கொள்கைப் பக்கத்தை ஒரு கூட்டத்தில் மாற்றிவிடலாம். உரிமையாளர் இதற்குச் சம்மதிப்பாரா என்று கேட்கலாம். புதிய ஆசிரியரைத் தேடி ஒருவரிடம் வந்து நிற்கும் நாளில்தான் உரிமையாளர் சம்மதிக்கக்கூடும். பதவியை ஏற்கும் முன் அந்த விதியைக் காட்டச் சொல்லிக் கேட்பது வருபவரின் கையில் இருக்கிறது.